வயசு போன அல்சேசியன், இடுப்பு மூட்டுத் தேய்வு: பின்கால் தசை கரையாமல் வைக்க என்ன வழி?

ஆரையம்பதி_மணல்:

அல்சேசியன் கலப்பு, ஆண், வயசு 10, நிறை 34 கிலோ. எக்ஸ்ரேயில ரெண்டு இடுப்பு மூட்டும் தேய்ஞ்சிருக்கு. குழி ஆழமில்லாம தொடை எலும்புட பந்து பாதி வெளியில நிக்குது எண்டு டொக்டர் காட்டினார். மெலொக்சிகாம் குடுக்கிறம், நோவு குறைஞ்சிருக்கு. ஆனா பின்தொடை ரெண்டும் நாளுக்கு நாள் ஒட்டிப்போகுது. விடிய எழும்பக் கஷ்டப்படுறான், டைல்ஸ் நிலத்தில பின்கால் ரெண்டும் விலகிப் போகுது. விறாந்தையில இருந்து முத்தத்துக்கு மூணு படி, மொத்தம் ஒண்டரை அடி உயரம்.

பக்கத்தில எல்லாரும் "கட்டிப் போட்டு ஓய்வு குடுங்க" எண்டுதான் சொல்றாங்க. ஓய்வா, நடையா? வீட்டில செய்யிற மாதிரி என்ன பயிற்சி, எவ்வளவு நேரம்? கடலுக்குக் கூட்டிப் போகலாமா? விளக்கமாச் சொன்னா உதவியா இருக்கும்.

பட்டிருப்பு_07:

ஓய்வு சரிவாறது ஒரு நேரத்துக்கு மட்டும்தான். திடீரெண்டு நோவு கூடி, கால் ஊண்டாம நிக்கிற ரெண்டு மூணு நாளைக்கு. அதுக்கு மேல கட்டிப் போட்டா நீங்களே தசையைக் கரைக்கிறீங்க. குழி ஆழமில்லாத இடுப்பில பந்தைப் பிடிச்சு வைக்கிற வேலையைச் செய்யிறது சுத்தியுள்ள தசைதான். தசை போனா மூட்டு ஆடும், ஆடினா நோவும், நோகிறதால இன்னும் நடக்க மாட்டான். அதனால நடைதான். ஆனா இப்ப நடக்கிற மாதிரி இல்ல.

முதல்ல வேகம். வேகமா நடந்தா இந்த நாய்கள் ரெண்டு பின்காலையும் சேர்த்து வச்சு முயல் மாதிரித் தத்தித் தத்திப் போகும். அதில தனித்தனிக் காலுக்கு வேலை இல்ல, பாரம் எல்லாம் முன்காலுக்குப் போகுது. முன்தோள் பருத்து பின்பக்கம் ஒட்டிப் போறது இப்படித்தான். கயிற்றைக் கட்டையாப் பிடிச்சு, நாலு காலும் ஒவ்வொண்டா நிலத்தில படுற அளவுக்கு மெதுவா நடத்துங்க. ஒரே தடவையில அரை மணித்தியாலம் வேணாம். 5 நிமிசம், ஒரு நாளைக்கு 4 தரம். ஒரு கிழமைக்கு ஒருக்கா ஒவ்வொரு நடைக்கும் 1 நிமிசம் கூட்டுங்க. கூடிட்டுதா எண்டு அறியிறது அடுத்த நாள் விடியத்தான். வழமையை விட விறைப்பா எழும்பினா முதல் நாள் செய்தது கூடிப்போச்சு. பாதியாக் குறைச்சு, ரெண்டு நாள் கழிச்சு மறுகா கூட்டுங்க. கிழமை நாளில கட்டி வச்சிட்டு ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில ஒரு மணித்தியாலம் ஓட விடுறதுதான் இந்த நோய்க்கு ஆகக் கெட்டது.

இனி தசை பிடிக்கிற பயிற்சி. ஆகப் பிரயோசனமானது இருந்து எழும்புறது. றப்பர் பாய் மேல, சுவரோரமா நிப்பாட்டுங்க. அவிச்ச கோழித் துண்டை மூக்குக்கு நேர பிடிச்சு இருக்க வையுங்க. மறுகா துண்டை முன்னுக்கு, மூக்கு மட்டத்திலேயே மெதுவா இழுங்க. துண்டை மேல தூக்கினா முன்காலைத் தூக்கிப் பாயப் பார்ப்பான், அது வேணாம். எழும்பும்போது பின்கால் ரெண்டும் சேர்ந்து தள்ளுதா எண்டு பாருங்க. ஒரு பக்கமாச் சரிஞ்சு இருந்தா, சரியிற பக்கம் சுவருக்குப் படுற மாதிரி மாத்தி நிப்பாட்டுங்க. முழுசா இருக்க ஏலாட்டி 6 அங்குல உயரத்தில இறுக்கமான மெத்தைத் துண்டொண்டை வச்சு அதில இருத்தி எழுப்பலாம். 5 தரம், ஒரு நாளைக்கு ரெண்டு வேளை. சுலபமானதும் 8, 10 எண்டு கூட்டுங்க. ஆறாவது தரம் காலை அகட்டி எழும்பினா அந்த வேளைக்கு அதோட நிறுத்துங்க.

அடுத்தது பாரம் மாத்துறது. நேரா நிக்கும்போது ரெண்டு உள்ளங்கையையும் இடுப்புட ரெண்டு பக்கமும் வச்சு, ஒரு பக்கம் மெதுவாத் தள்ளி 5 விநாடி, மத்தப் பக்கம் 5 விநாடி. நாய் எதிர்த்து நிக்க வேணும், விழக்கூடாது. பழகினதும் ஒரு முன்காலை மட்டும் தூக்கி 5 முதல் 10 விநாடி பிடிங்க. பாரம் பின்னுக்குப் போகும். பின்காலைத் தூக்கிப் பிடிக்கிறது இதெல்லாம் வந்த பிறகு, 3 விநாடியில இருந்து.

மூணாவது, தடி தாண்டிறது. 4 தும்புத்தடி போதும். ஒரு தடிக்கும் மத்தத் தடிக்கும் இடையில 2 அடி விடுங்க. அல்சேசியன் உயரத்துக்கு அது சரி. நிலத்தில வெறுமனே போட்டா மிதிக்கும்போது உருளும், அங்கதான் கால் பிரளுது. ரெண்டு பக்கமும் மண் அணைச்சு வையுங்க. ஒரு கிழமை கழிச்சு செங்கல் துண்டு வச்சு 2 அங்குலம் உயர்த்துங்க, கூடினது 3. தடியைக் கல்லோட கட்டாதீங்க, கால் தட்டினா விழ வேணும். மெதுவா 4 தரம் போய் வந்தாக் காணும். பாஞ்சு தாண்டினா உயரம் கூட, இல்லாட்டி நீங்க வேகம்.

நம்மட பக்கம் மேடு பள்ளம் இல்லாட்டியும் குளக்கட்டும் வாய்க்கால் கட்டும் இருக்கு. ஏறும்போது பாரம் பின்காலுக்கு வரும், தசைக்கு நல்லது. ஆனா சமநிலத்தில 15 நிமிசம் நொண்டாம நடக்கிற வரைக்கும் அதைத் தொடாதீங்க. கட்டுல நேரா ஏத்தாம சாய்வா, வளைச்சு வளைச்சு ஏத்துங்க.

பின்காலைப் பின்னுக்கு இழுத்து நீட்டுற எதையும் செய்ய வேணாம். இந்த மூட்டில ஆகக் கூட நோகிறது அந்த அசைவுதான். ரெண்டு காலில நிக்க வைக்கிறது, பந்து எறிஞ்சு பிடிக்க விடுறது, வாகனத்தில இருந்து குதிக்க விடுறது, மூணும் இண்டையோட முடியட்டும்.

நடைக்கு முன்னம் சுடுதண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச துவாயை உங்கட மணிக்கட்டில வச்சுப் பாத்திட்டு, இடுப்பிலயும் தொடையிலயும் 10 நிமிசம் வையுங்க. மறுகா பக்கவாட்டில படுக்க வச்சு, முழங்காலையும் பாதத்தையும் ரெண்டு கையால தாங்கி, சைக்கிள் மிதிக்கிற அசைவில 10 தரம். நாய் தலையைத் திருப்பிப் பாத்தா அந்த இடம் நோகுது, அதுக்குள்ளேயே நிறுத்துங்க. இது தசையை வளர்க்காது, மூட்டை இளக்கும். அதனால இதை மட்டும் செஞ்சிட்டு பயிற்சி முடிஞ்சுது எண்டு விடாதீங்க.

கல்லடிக்கரை:

பயிற்சி பற்றி மேலே சொன்னது சரி. ஆனால் 34 கிலோவில் அதைத் தொடங்கினால் பாதி உழைப்பு வீண். விலாவைத் தடவும்போது எலும்பு எலும்பாகக் கையில் படவேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரியவேண்டும். அப்படியில்லை என்றால் இந்த உடம்பு வாகுக்கு 29 கிலோ அளவில்தான் இலக்கு வைக்கவேண்டும். சரியான இலக்கை உங்கள் டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். லாப்ரடோர் நாய்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்த ஓர் ஆய்வில், கால்வாசி குறைவாகச் சாப்பிட்டவை கிட்டத்தட்ட 2 வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தேய்வும் பிந்தியே வந்தது. மூட்டு நோயில் நிறை குறைப்பதைப் போல வேலை செய்யும் மருந்து கடையில் இல்லை.

ஆனால் பட்டினி போட்டுக் குறைத்தால் கொழுப்போடு தசையும் போகும். நம் வீடுகளில் நாய்க்குப் போவது பெரும்பாலும் சோறும் கறிக்குழம்பும் மீன் தலையும். அதில் மாவுச்சத்து மலையாக இருக்கும், புரதம் கொஞ்சம். வயசு போன நாய்க்குப் புரதம் கூடத்தான் வேண்டும். 29 கிலோ நாய் மெலிய ஒரு நாளைக்கு ஏறக்குறைய 875 கலோரி போதும். அதைக் கணக்குப் போட்டால் இப்படி வரும்: தோல் நீக்கி அவித்த கோழி இறைச்சி 250 கிராம், அவித்த சூடை அல்லது சாளை மீன் 80 கிராம், சோறு 200 கிராம், அவித்த பூசணி 150 கிராம். எல்லாம் சமைத்த பிறகு நிறுத்த அளவு. புரதம் 100 கிராம் அளவில் கிடைக்கும். இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். பயிற்சிக்குக் கொடுக்கும் கோழித் துண்டு இந்த 250 கிராமிலிருந்துதான் எடுக்கவேண்டும், மேலதிகமாக அல்ல. முட்டைக்கோதைக் காயவைத்து மாவாக இடித்து அரைத் தேக்கரண்டி சேருங்கள், இறைச்சியில் கல்சியம் மிகக் குறைவு. மாதக்கணக்கில் வீட்டுச் சாப்பாடு மட்டும் என்றால் விற்றமின், கனியுப்பு மருந்தும் எழுதி வாங்குங்கள்.

உப்பு, வெங்காயம், உள்ளி வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கலங்களை உடைக்கும். குழம்பில் கரைந்திருந்தாலும் அதே கதைதான். தேங்காய்ப்பால் கறி ஊற்றினால் நீங்கள் நிறுத்த கணக்கு அத்தனையும் போய்விடும். சமைத்த எலும்பு சிதறிக் குடலைக் குத்தும்.

கிழமைக்கு 300 கிராம் குறைந்தால் போதும். 5 கிலோ இறங்க நாலு மாதம் எடுக்கும். வீட்டில் தராசு இல்லாவிட்டால் நெல் நிறுக்கும் மேடைத் தராசில் ஏற்றலாம். எப்போதும் ஒரே தராசு, சாப்பாட்டுக்கு முன்.

மீன் எண்ணெய் பற்றி ஒன்று. மூட்டு அழற்சிக்குத் தேவைப்படுவது அதிலுள்ள ஒமேகா-3 கொழுப்புகளான ஈபிஏ, டிஎச்ஏ இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு, நாயின் நிறையில் கிலோவுக்கு 75 முதல் 100 மில்லிகிராம். 1000 மில்லிகிராம் என்று எழுதியிருக்கும் சாதாரண மாத்திரையில் இவை இரண்டும் சேர்ந்து 300 அளவில்தான் இருக்கும். ஒரு மாத்திரை கொடுத்துவிட்டுப் பலனில்லை என்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. 2 மாத்திரையில் தொடங்கி, மலம் இளகாமல் இருந்தால் நாலைந்து நாளுக்கு ஒன்று வீதம் கூட்டுங்கள். மேலே சொன்ன மீனிலும் ஒரு பங்கு வருகிறது, அதனால் 5, 6 மாத்திரை போதும். ஒரு மாத்திரைக்குப் 10 கலோரி என்று சோற்றில் குறையுங்கள். கொட் லிவர் எண்ணெயை இந்த அளவுக்குக் கொடுக்கக்கூடாது, விற்றமின் ஏ, டி அளவுமீறிப் போகும். குளுக்கோசமின் கொடுத்தால் கெடுதல் இல்லை. காசு மட்டாக இருந்தால் அந்தக் காசுக்குக் கோழி வாங்குவதுதான் என் தெரிவு.

தம்பிலுவில்_தென்னங்காத்து:

நிலத்தைப் பற்றி ஆரும் சொல்லல்ல. டைல்ஸில கால் விலகிற ஒவ்வொரு தரமும் தொடையின் உள்பக்கத் தசை இழுபடுது, அவனும் பயந்து அசையிறதைக் குறைச்சுக்கொள்றான். படுக்கிற இடம், சாப்பிடுற இடம், வாசல், இந்த மூண்டையும் சேர்த்து ஒரு பாதை மாதிரி றப்பர் பாய் விரியுங்க. பன்பாயும் பிளாஸ்டிக் பாயும் நாயோட சேந்து வழுக்கும். தும்புக் கால்மிதி எண்டா அடியில றப்பர் ஒட்டினதாப் பாத்து வாங்குங்க. நகம் நிலத்தில டக் டக் எண்டு கேட்டா நீளம், 2 அல்லது 3 கிழமைக்கு ஒருக்கா வெட்டுங்க. விரலுக்கிடையில வளர்ற மயிரையும் பாத மட்டத்துக்குக் கத்தரிங்க.

மூணு படிக்கும் மேல 5 அடி நீளம், 2 அடி அகலம் பிளைவூட் பலகை போடுங்க. ஒண்டரை அடி உயரத்துக்கு அந்த நீளத்தில 17 பாகை அளவு சாய்வுதான் வரும். 3 அடிப் பலகை போட்டா 30 பாகை, இறங்க மாட்டான். மேல முழுக்க றப்பர் ஒட்டி, ரெண்டு ஓரமும் 2 அங்குலச் சட்டம் அடிங்க. அடியில நடுவுக்கு ஒரு முண்டு குடுக்க வேணும், இல்லாட்டி பலகை வளைஞ்சு துள்ளும், ஒருக்காப் பயந்தான் எண்டா மறுகா மிதிக்க மாட்டான். மேல இருந்து கீழ அவசரமா இறங்க விடாதீங்க, கயிற்றைப் பிடிச்சுக்கொண்டே இறக்குங்க.

எழும்ப ஏலாத நேரத்தில வாலையோ கழுத்துப் பட்டியையோ பிடிச்சுத் தூக்காதீங்க. பழைய சாரனை நாலா மடிச்சு வயித்துக்குக் கீழ, பின்தொடைக்குச் சரியா முன்னால குடுத்து, ரெண்டு முனையையும் மேல சேர்த்துப் பிடிங்க. ஆண் நாய் எண்டதால சலம் போற இடத்தை அமத்தாத மாதிரி விலத்திப் போடுங்க. முழுப் பாரத்தையும் நீங்க சுமக்க வேணாம். விழாத அளவுக்குத் தாங்கினாப் போதும், மிச்சத்தை அவன்ட கால் செய்யட்டும்.

படுக்கை 4 அங்குலத் தடிப்பில இறுக்கமா இருக்க வேணும். முழங்கையால அமத்தினா அடிநிலம் தட்டக்கூடாது. வாடைக் காத்து மழையில சீமெந்து நிலம் குளிர்ந்து மூட்டு விறைக்கும், நிலத்தில இருந்து உயர்த்தி வையுங்க. மழைக்காக நடையை விடாதீங்க, விறாந்தையில பாயைப் போட்டு இருந்து எழும்புற பயிற்சி செய்யலாம்.

கடல் கேட்டீங்க. இடுப்பு மட்டத் தண்ணியில நிக்கிற நாய்ட காலுக்கு, நிறையில 38 வீதம் அளவுதான் பாரம் விழுது. முழங்கால் மட்டத்தில 85 வீதம். அதனால காலை நனைச்சு நடத்துறதில பெரிய பிரயோசனம் இல்ல, இடுப்பு வரைக்கும் தண்ணி வேணும், அலை இருக்கக்கூடாது. பாசிக்குடா இதுக்குச் சரி. ஆழமில்லாம தூரத்துக்குப் போகலாம், சித்திரையில இருந்து புரட்டாதி வரைக்கும் அமைதி. கல்லடி, திருக்கோவில் பக்கம் கரை சரிவு, அலை காலை வாரும், வேணாம். மட்டக்களப்பு வாவியில இறக்கவே வேணாம், முதலை இருக்கு. நெஞ்சுப் பட்டி போட்டு, நீங்களும் பக்கத்தில இறங்கி, 3 நிமிசம் நடத்தி வெளிய எடுங்க. 5 நிமிசம் ஓய்வு, திரும்ப 3 நிமிசம். நீந்த விடுறதைப் பிறகு பாருங்க. நீந்தும்போது கனக்க நாய் முன்காலால மட்டும் இழுத்துக்கொண்டு போகும், பின்கால் சும்மா தொங்கும். போக முன்னம் நல்ல தண்ணி குடுங்க, உப்புத்தண்ணி குடிச்சாச் சத்தியும் வயித்தோட்டமும் வரும்.

கரையில நடத்துறது எண்டா ஈரமா இறுகின மணலில. காஞ்ச மணலில கால் புதையும், இடுப்பு இழுபடும். கச்சான் சுடுகாத்து அடிக்கிற மாசங்களில விடிய ஆறரைக்கு முன்னம், பின்னேரம் ஆறுக்குப் பிறகு. வலை இழுக்கிற இடங்களில பேத்தை மீனைக் கரையில எறிஞ்சிருப்பாங்க, நாய் கடிச்சா உயிருக்கு ஆபத்து, கயிற்றைக் கழட்டாதீங்க.

ஆரையம்பதி_மணல்:

மூணு பேருக்கும் பெரிய நன்றி. ரெண்டு விசயம் கேக்க வேணும். இடது பின்பாதம் சில நேரம் மடிஞ்சு மேற்பக்கம் நிலத்தில உரசுது, நடுவிரல் நகம் ரெண்டும் தேஞ்சிருக்கு. இதுவும் இடுப்பாலயா? மத்தது, மெலொக்சிகாம் முடிஞ்ச நாளில பனடோல் குடுக்கலாமா?

ஊறணிச் சந்தி:

பாதம் மடியிறது இடுப்பு மூட்டு நோயின்ட அடையாளம் இல்ல, அதை விட்டு வைக்காதீங்க. மூட்டு நொந்தா நாய் காலைத் தூக்கும், நொண்டும். ஆனா பாதம் எங்க இருக்கு எண்டு தெரியாமப் போகாது. நேரா நிக்க வச்சு, வயித்துக்குக் கீழ ஒரு கையால தாங்கிக்கொண்டு, பாதத்தை மெதுவா மடிச்சு மேற்பக்கம் நிலத்தில படுற மாதிரி வையுங்க. நல்ல நாய் உடனே திருப்பி வைக்கும். இடதில பிந்தினா, இல்லாட்டி வைக்கவே இல்லாட்டி, முள்ளந்தண்டில நரம்பு அமுங்கியிருக்கலாம். அல்சேசியன் சாதியில வயசான காலத்தில நோவே இல்லாம நரம்பு அழிஞ்சு போற நோயும் இருக்கு, அது பின்காலில இப்படி இழுபடுறதாத்தான் தொடங்கும். நடக்கிறதை வீடியோ எடுத்து, பக்கவாட்டில ஒண்டு, பின்னால இருந்து ஒண்டு, டொக்டரிட்டக் காட்டுங்க. தேவைப்பட்டா பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய போதனா வைத்தியசாலைக்கு எழுதித் தரச் சொல்லுங்க. அவ்வளவு தூரம் போகும்போது ஒண்டரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா இறக்கி நடத்துங்க. பாக்கும் வரைக்கும் சமநிலத்தில மெதுவான நடை மட்டும், தடி தாண்டிறதை நிறுத்துங்க. சலம், மலம் அடக்க ஏலாமப் போனா, இல்லாட்டி திடீரெண்டு பின்பக்கம் முழுசா விழுந்தா, அண்டைக்கே கொண்டு போக வேணும்.

அதோட இரத்தப் பரிசோதனையும் எடுங்க. உண்ணிக் காய்ச்சல் இஞ்ச கனக்க. சோர்வு, எழும்ப மாட்டாமை, மூட்டு நோவு எல்லாம் அதாலயும் வரும், எக்ஸ்ரேயில தேய்வு தெரிஞ்ச உடன எல்லாப் பழியும் இடுப்பில விழுந்திடும். முரசு (பல் ஈறு) வெளிறியிருக்கா எண்டு இண்டைக்கே உதட்டைத் தூக்கிப் பாருங்க. அதே இரத்தத்தில சிறுநீரகம், ஈரல் அளவுகளையும் எடுக்கலாம். மெலொக்சிகாம் தொடர்ந்து குடுக்கிறதுக்கும், கல்லடிக்கரை சொன்ன மாதிரிப் புரதம் கூட்டுறதுக்கும் அது தேவை.

பனடோல் உங்கட கையால குடுக்கவே வேணாம். கூடினா ஈரல் கெடும், இரத்தத்தையும் கெடுக்கும். புரூபனும் டைக்ளோபினாக்கும் அதை விட மோசம், வயிறும் சிறுநீரகமும் போகும். மெலொக்சிகாம் முதல் நாள் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், பிறகு நாளுக்கு ஒருக்கா 0.1 எண்டதுதான் வழமையான அளவு. 34 கிலோவுக்கு 3.4 மில்லிகிராம். நிறை இறங்க இறங்க அளவும் இறங்க வேணும், டொக்டரிட்டக் கேட்டு மாத்துங்க. சாப்பாட்டோட குடுங்க. சத்தி, சாப்பிடாமை, கறுப்பு மலம், இதில ஒண்டு வந்தாலும் நிறுத்திட்டுக் கூப்பிடுங்க. தோல் கடிக்கு (சொறிச்சலுக்கு) எண்டு வேற ஆரும் பிரெட்னிசொலோன் எழுதினா, மெலொக்சிகாம் குடிக்கிறான் எண்டு கட்டாயம் சொல்லுங்க, ரெண்டும் சேந்தாக் குடல் புண்ணாகும். கற்பூரம், மென்தால் போட்ட தைலத்தை இடுப்பில பூசினா நக்கி உள்ள போகும், அதையும் தவிருங்க.

பட்டிருப்பு_07:

பாதம் மடியிற விசயத்தில ஊறணிச் சந்தி சொன்னதுதான் முதல், என்ட பயிற்சி அதுக்குப் பிறகு. நடைக்குப் போகும்போது அந்தப் பாதத்துக்குக் குழந்தைச் சப்பாத்துக்குள்ள போடுற தடிப்பான காலுறை ஒண்டைப் போட்டு விடுங்க, தோல் உரியாது. வந்த உடன கழட்டிப் பாதத்தைத் துடைங்க, ஈரத்தோட விட்டா விரலுக்குள்ள புண் வரும்.

டொக்டர் சரி எண்டு சொன்ன பிறகு தொடங்கிற நாளில தொடைச் சுற்றளவை அளந்து எழுதி வையுங்க. நாலு காலிலயும் நிக்க வச்சு, தையல் நாடாவைத் தொடையில எவ்வளவு மேல போகுமோ அவ்வளவு மேல சுத்தி, இறுக்காம. அந்த இடத்தில கொஞ்சம் மயிரை வெட்டி அடையாளம் வச்சா அடுத்த தரம் இடம் மாறாது. ரெண்டு காலும் தனித்தனியா, 2 கிழமைக்கு ஒருக்கா, அளக்கிறது ஒரே ஆளா இருக்கட்டும். முதல் மாசம் பெரிசா மாறாது, 6 முதல் 8 கிழமையிலதான் தெரியும். நிறை இறங்கி அளவு அப்படியே நிண்டா அது நல்ல செய்தி, கொழுப்புப் போய் தசை நிக்குது. ரெண்டு காலில ஒண்டு மட்டும் குறைஞ்சுகொண்டு போனா இங்க எழுதுங்க, பயிற்சியை அந்தக் காலுக்கு ஏத்த மாதிரி மாத்தலாம்.